மூடிகளுக்கு முன்னால் முப்பது வருஷம்

எல் அனட்சுயி என்று பேச்செடுத்தாலே எல்லோரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். நைஜீரியாவில் ஒரு சிற்பி, ஒருநாள் ஊருக்கு வெளியே புதர்ப் பக்கமாக நடந்துபோகும்போது யாரோ வீசிவிட்டுப் போன மூட்டை ஒன்றைப் பார்க்கிறார், அவிழ்த்தால் உள்ளே அத்தனையும் சாராய பாட்டில் மூடிகள், வீட்டுக்குத் தூக்கிவருகிறார், செம்புக் கம்பியால் தைக்கிறார், உலகப் புகழ் வந்துவிடுகிறது. கதையில் பொய் இல்லை. 1998 வாக்கில் அப்படி ஒரு மூட்டை அவருக்குக் கிடைத்தது உண்மைதான். ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு "பாருங்க, இன்ஸ்பிரேஷன் எங்கேயிருந்தெல்லாம் வருது" என்று முடிக்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த வழியாகப் போன எத்தனையோ பேர் அதே மாதிரி மூட்டைகளைப் பார்த்திருப்பார்கள். இவருக்கு மட்டும் ஏன் அதைத் தூக்கத் தோன்றியது? மூட்டை கிடைத்தபோது அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது, அதற்கு முன்னால் ஏறக்குறைய முப்பது வருஷம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை யாரும் கேட்பதில்லை. பதில் முழுக்க அங்கேதான் கிடக்கிறது.

நானும் துணி, பழைய காகிதம், கம்பி, பொத்தான் என்று கையில் கிடைத்ததை ஒட்டியும் தைத்தும் ஏதாவது செய்துகொண்டே இருக்கும் ஆள். மிக்ஸட் மீடியா என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும், எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "உன் குப்பை". அதனால் குப்பையிலிருந்து தொடங்குகிற கலைஞர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண். லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் 2023 அக்டோபரிலிருந்து 2024 ஏப்ரல் வரை அனட்சுயியின் 'பிஹைண்ட் த ரெட் மூன்' கண்காட்சி இருந்தபோது போய்ப் பார்த்தேன். எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தது, இப்போதுதான் கை வந்தது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். டேட் மாடர்ன் ஒரு காலத்தில் மின்நிலையம். ஜெனரேட்டர்கள் ஓடிய கூடத்தை டர்பைன் ஹால் என்று அதே பெயரிலேயே விட்டுவிட்டார்கள். 155 மீட்டர் நீளம், 35 மீட்டர் உயரம். அதற்குள் ஒரு சிலையைக் கொண்டுபோய் வைத்தால் பொம்மை மாதிரி ஆகிவிடும், பல பேர் அங்கே தோற்றிருக்கிறார்கள் என்பது என் கருத்து. அனட்சுயி மூன்று துண்டுகளைத் தொங்கவிட்டிருந்தார். உள்ளே நுழைந்ததும் காற்றில் உப்பிய கப்பல் பாய் போல ஒன்று, சிவப்பு மூடிகளால் ஆன நிலா வட்டத்தோடு, சுற்றிக்கொண்டு பின்னால் போனால் மஞ்சள். அடுத்தது, மெல்லிய வளையங்களால் பின்னப்பட்ட மனித உருவங்கள் தனித்தனியாக அந்தரத்தில் தொங்குகின்றன, சும்மா பார்த்தால் சிதறிக் கிடப்பது போலத் தெரியும், குறிப்பிட்ட ஒரு இடத்தில் நின்றால் எல்லாம் சேர்ந்து ஒரு உருண்டை, பூமி. கடைசியில், கூடத்தின் மறுகோடியில், கூரையிலிருந்து தரைவரை ஒரு கறுப்புச் சுவர். அடியில் வந்ததும் அது அலையாகவும் பாறையாகவும் மடிந்து தரையில் கொட்டிக் கிடக்கிறது. பின்பக்கம் போனால் வெள்ளியும் பல நிறத் துண்டுகளுமாக மின்னுகிறது. முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டவர்கள் பாதியைத்தான் பார்த்திருப்பார்கள்.

கப்பல், கடல், சுவர். அட்லாண்டிக்கைத் தாண்டி அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டவர்களின் வழி அது. அதையும் எந்த வாசலில் தொங்கவிட்டார் என்று கவனியுங்கள். டேட் என்பது சர்க்கரை ஆலை முதலாளி ஹென்றி டேட்டின் பெயர். அவர் அடிமைகளை வைத்திருந்தவர் இல்லை, பிரிட்டன் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்ட 1833இல் அவர் பதினான்கு வயதுப் பையன். ஆனால் சர்க்கரை வியாபாரமே கரீபியன் கரும்புத் தோட்டங்களின் மேல் எழுந்தது. அந்தக் கரும்பின் கழிவுப் பாகிலிருந்து வடித்ததுதான் ரம். அந்த ரம்மும் ஜின்னும் பிராந்தியும்தான் ஐரோப்பியக் கப்பல்களில் ஆப்பிரிக்கக் கரைக்கு வந்து ஆட்களுக்கு மாற்றுச் சரக்காக இறங்கியது. சாராய மூடியை வைத்து அங்கே ஒரு கப்பல் பாய் செய்து மாட்டுவது எவ்வளவு குறும்பான காரியம்! கோபமாகவும் சொல்லியிருக்கலாம். அவர் குரலே உயர்த்தவில்லை.

சரி, மூடிக்கு வருவோம். நம்ம ஊர் குவார்ட்டர் பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். திருகும்போது கிளிக்கென்று சத்தம் வரும், மூடியின் அடிப்பகுதி அறுந்து ஒரு வளையமாகப் பாட்டில் கழுத்திலேயே நின்றுவிடும், மீதி கையோடு வரும். ஆக ஒரு பாட்டிலில் மூன்று விதமான சாமான் இருக்கிறது: மேல் வட்டம், பக்கத்துச் சுவர், கழுத்து வளையம். வட்டத்தைத் தட்டினால் தகடு. பக்கத்துச் சுவரை வெட்டிப் பிரித்தால் நீளப் பட்டை, அதில்தான் கம்பெனி பெயர் அச்சாகியிருக்கும், அதை மடிக்கலாம், முறுக்கலாம், கசக்கலாம். வளையத்தை ஒன்றோடொன்று கோத்தால் வலை மாதிரி ஆகிவிடும், மறுபக்க வெளிச்சம் தெரியும். மனித உருவங்களுக்கு எடுத்துக்கொண்டது அந்த வளைய சாமானைத்தான். ஓரங்களில் ஆணியால் ஓட்டை போட்டு, செம்புக் கம்பியை நுழைத்து, முறுக்கி விடுகிறார்கள். அவ்வளவுதான் தொழில்நுட்பம். ஒட்டுப்பசை இல்லை, பற்றவைப்பு இல்லை, பெயிண்ட் இல்லை. தூரத்தில் சிவப்புக் கடலாகத் தெரிவதற்குப் பக்கத்தில் போனால் டார்க் செய்லர், டாப் ஸ்குவாட், கிங் சாலமன் என்று வரிசையாக நைஜீரியச் சரக்குப் பெயர்கள். சிவப்பையும் மஞ்சளையும் தேர்ந்தெடுத்தது ஏதோ ஒரு சாராயக் கம்பெனியின் விற்பனைப் பிரிவு, மூடியின் உள்பக்கம் தானாகவே வெள்ளி. வண்ணக்கலவை செய்து பழகிய ஓவியர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

பக்கத்தில் போய் நின்றபோது எனக்குப் பிடித்துப்போனது கம்பி முறுக்குதான். ஒரு சதுரத்தில் முறுக்கு இறுக்கமாக, நுனி உள்ளே மடக்கி, சுத்தமாக இருக்கிறது. அடுத்த சதுரத்தில் தளர்ந்து, நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வேறு வேறு கைகள். என்சுக்கா பல்கலைக்கழக ஊரில் அவருடைய பட்டறையில் டஜன் கணக்கில் இளைஞர்கள் உட்கார்ந்து மூடிகளைத் தட்டிக் கோப்பார்கள், பலர் பரீட்சை எழுதிவிட்டோ காலேஜ் சீட்டுக்காகக் காத்துக்கொண்டோ இருப்பவர்கள். சின்னச் சின்னப் பாளங்களாகச் செய்து முடித்ததும் தரையில் பரப்பி, இதை அங்கே வை, அதைத் திருப்பு என்று அனட்சுயி நகர்த்திக்கொண்டே இருப்பார், போட்டோ எடுத்துப் பார்ப்பார், மறுபடி கலைப்பார். அப்படியென்றால் இது யாருடைய வேலை என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியில் ருசி இல்லை. கோபுரத்தைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஆனால் பெயர்ப்பலகையில் 'அலுமினியம், செம்புக் கம்பி' என்று போடும் இடத்தில் 'பல பேருடைய விரல்கள்' என்பதையும் சேர்த்துப் போட்டால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றியது.

இப்போது அந்த முப்பது வருஷம்.

1944இல் கானாவின் கடலோர அன்யாகோவில் பிறந்தவர், அப்போது அதற்குக் கோல்ட் கோஸ்ட் என்று பெயர். முப்பத்திரண்டு பிள்ளைகளில் கடைக்குட்டி. அம்மா சீக்கிரமே போய்விட, பாதிரியாரான மாமா வீட்டில் வளர்ந்தார். நாடு சுதந்திரம் அடைந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. குமாசியில் கலைக் கல்லூரியில் சேர்ந்தால் பாடத்திட்டம் முழுக்க ஐரோப்பா. சுதந்திர நாட்டில் உட்கார்ந்துகொண்டு கிரேக்கச் சிலைகளின் மூக்கை அளந்துகொண்டிருக்கும் அபத்தம் நம் ஊர்க் கலைக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கும் புரியும், சென்னையில் 1850இல் ஒரு பிரிட்டிஷ் டாக்டர் தொடங்கிய கலைப் பள்ளியும் அப்படித்தான் ஆரம்பித்தது. அனட்சுயி செய்த காரியம், வகுப்பு முடிந்ததும் அதே ஊரில் இருந்த பண்பாட்டு மையத்துக்குப் போய்விடுவது. அங்கே நெசவாளர்களும் மேளக்காரர்களும், சுரைக்குடுக்கை ஓட்டில் செதுக்கிய அச்சால் துணியில் அடிங்க்ரா என்கிற பாரம்பரியச் சின்னங்களைக் குத்துபவர்களும் இருந்தார்கள். படிப்பு அங்கேதான் நடந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வேலைகள் மரத்தட்டுகள். கானா சந்தைகளில் பெண்கள் சாமான் பரப்பி வைத்து விற்கும் வட்டமான மரத் தாம்பாளம், சந்தையிலிருந்து நேராக வாங்கிவந்து, இரும்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, அதன் மேல் சின்னங்களைச் சுட்டு எழுதினார். வாத்தியாராக வேலை பார்த்துக்கொண்டே செய்தது, 1970களின் ஆரம்பம். இங்கேயே எல்லாம் இருக்கிறது பாருங்கள். புது மரம் வாங்கிச் செதுக்கியிருக்கலாம். வேண்டாம், சந்தையில் கைபட்டுத் தேய்ந்த பொருள் வேண்டும். பல கைகள் தொட்ட பொருளில் ஏதோ ஒன்று ஏறிவிடுகிறது என்று பின்னாளில் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கடவுள் நம்பிக்கை மாதிரி அதைச் சொல்லவில்லை, பொருளைத் தேர்ந்தெடுக்கும் விதியாகவே வைத்திருக்கிறார்.

1975இல் நைஜீரியாவின் என்சுக்காவுக்கு வேலை கிடைத்துப் போகிறார். பியாஃப்ரா போர் என்கிற உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்தே வருஷம் ஆன இடம். 1967லேயே போர் அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் இறங்கிவிட்டது. அந்த ஊரில் அவர் கையிலெடுத்தது பானை, அதுவும் உடைந்த பானை. புதுப் பானை செய்வதுபோலச் செய்து, உடைந்தவற்றின் துண்டுகளைச் சேர்த்து, ஓட்டையும் விரிசலுமாகவே சுட்டார். குயவர்கள் பழைய ஓட்டைப் பொடித்துப் புது மண்ணில் கலப்பதுண்டு, சுடும்போது வெடிக்காமல் இருக்க. உடைந்த பானையின் சில்லில் கோழிக்குத் தண்ணீர் வைக்கலாம், அடுத்த வீட்டிலிருந்து நெருப்புக் கங்கு வாங்கி வரலாம், சாமிக்குப் படைக்கலாம். உடைந்ததோடு பானையின் வேலை முடிவதில்லை, வேறு வேலை கிடைக்கிறது. போர் முடிந்த ஊரில் இதைச் செய்தார் என்பதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் 1980. அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் கம்மிங்டன் என்ற இடத்தில் கலைஞர்கள் தங்கி வேலை செய்யும் ஓரிடத்துக்குப் போனவர் கையில் மரம் அறுக்கும் மோட்டார் ரம்பம் கிடைத்தது. உளியில் பொறுமையாகச் செய்வதை ரம்பம் ஒரு நொடியில் கிழித்துவிடுகிறது. அந்தக் கிழிப்பே அவருக்குப் பிடித்துப்போனது. 1884-85இல் பெர்லினில் ஐரோப்பியர்கள் மேசை மேல் வரைபடத்தை விரித்து ஆப்பிரிக்காவைக் கூறு போட்டார்களே, அதே வேகம், அதே அலட்சியம் அந்த வெட்டில் இருக்கிறது என்று பார்த்தார். பல ஜாதி மரங்களின் நீளப் பலகைகளை அருகருகே நிறுத்தி, குறுக்கே ரம்பத்தை ஓட்டி, ஓரங்களை நெருப்பில் கருக்கி, வருஷக்கணக்கில் செய்துகொண்டிருந்தார். அந்தப் பலகைகளை எந்த வரிசையில் வேண்டுமானாலும் மாற்றி அடுக்கலாம், வாங்கியவரே மாற்றிக்கொள்ளலாம். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மூடி மூட்டை கிடைத்த அதே சமயத்தில் இன்னும் இரண்டு சாமான்களும் பட்டறையில் இருந்தன. ஒன்று, மரவள்ளிக்கிழங்கு துருவும் தகடு. நைஜீரியாவில் காரி மாவு செய்யக் கிழங்கைத் துருவ வேண்டும், தகரத்தில் ஆணியால் அடித்து ஓட்டை போட்டால் மறுபக்கம் முள்முள்ளாக நிற்கும், அதுதான் துருவி. துருப்பிடித்து ஒதுக்கியவற்றைச் சேர்த்து ஒரு சுவரே எழுப்பினார், 2000இல். இன்னொன்று பால் டப்பாவின் தகர மூடிகள், அவற்றைச் செம்புக் கம்பியால் கோத்து மேடு மேடாகக் குவித்தார், 1999இல். பிற்பாடு செய்தித்தாள் அச்சிடும் அலுமினியத் தகடுகளையும் எடுத்துக் கசங்கிய பெரிய பைகளாக்கினார், அந்தத் தகடுகளில் இரங்கல் அறிவிப்புப் பக்கங்களும் இருக்கும், முகங்களோடு.

தட்டு, பானை, பலகை, துருவி, டப்பா மூடி. சந்தைப் பொருள், துண்டு துண்டாக இணைப்பது, இணைத்ததை மாற்றி அடுக்க முடிவது, ஓட்டை, கம்பி. மூட்டை வந்து சேரும்போது மிச்சம் இருந்தது ஒரே ஒரு காரியம், உலோகம் துணி மாதிரி தொங்கும் என்பதைக் கண்டுகொள்வது. அதுவும் உடனே நடக்கவில்லை, மூட்டை பட்டறையில் சும்மா கிடந்த காலமும் உண்டு.

துணி என்றதும் எல்லோரும் கானாவின் பாரம்பரியக் கைத்தறித் துணியான கென்டேவுக்குப் போய்விடுகிறார்கள். அப்பாவும் அண்ணன்களும் கென்டே நெய்தவர்கள், ஆகவே மகன் உலோகக் கென்டே நெய்கிறார், கதை முடிந்தது என்று. இது பாதி சரி. கென்டே அகலமாக நெய்யப்படுவதில்லை, நாலு விரல் அகலப் பட்டைகளாக நெய்து, அப்புறம் பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்துத்தான் பெரிய துணியாக்குவார்கள். சின்னப் பாளங்களை இணைத்துப் பெரிதாக்கும் இவர் முறைக்கு அது அப்படியே பொருந்துகிறது. 2001 வாக்கில் செய்த முதல் பெரிய துண்டுகளுக்கு 'மேன்ஸ் க்ளாத்', 'உமன்ஸ் க்ளாத்' என்றுதான் பெயரும் வைத்தார், இரண்டும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஆனால் அவர் தறியில் உட்கார்ந்தவர் இல்லை. தன்னைச் சிற்பி என்றே சொல்லிக்கொள்கிறார். அப்பா தொழில் ரத்தத்தில் வந்தது என்கிற விளக்கம் ஆப்பிரிக்கக் கலைஞர்களுக்கும் நமக்கும் ரொம்பச் சுலபமாக ஒட்டப்படும் லேபிள். ரம்பத்தையும் பெர்லினையும் கணக்கில் எடுக்காமல் கென்டேயை மட்டும் பேசினால் ஆளைப் பாதியாக வெட்டியது போலத்தான்.

இன்னொரு லேபிள் ரீசைக்கிளிங். டேட்டில் என் பின்னால் நின்ற ஒரு அம்மா தன் பையனிடம் "பார், குப்பையை எறியக்கூடாது" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மறுசுழற்சி என்றால் மூடி உருகி மறுபடி மூடியாக வேண்டும். இங்கே எந்த மூடியும் வேலைக்குத் திரும்பவில்லை, குடித்தவன் யார், ஊற்றியவன் யார், இந்தச் சரக்கு எந்தக் கப்பலில் முதலில் வந்தது என்கிற கேள்விகளைச் சுமந்துகொண்டு நிற்கிறது. சுற்றுச்சூழல் வாரத்துக்குச் சுவரொட்டி போடுவது போல இதைப் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. குப்பை என்பதால் மலிவு என்றும் யாரும் நினைக்க வேண்டாம், 2012இல் 'நியூ வேர்ல்ட் மேப்' என்ற ஒரு துண்டு லண்டன் ஏலத்தில் 5,41,250 பவுண்டுக்குப் போனது. என் வீட்டில் இந்தத் தொகையைச் சொன்ன பிறகு என் மூலையைக் கொஞ்ச நாள் யாரும் கூட்டவில்லை.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இவருடைய படைப்பை வாங்கும் மியூசியத்துக்கு, இப்படித்தான் மாட்ட வேண்டும் என்று குறிப்பு போவதில்லை. மடித்துப் பெட்டியில் வருகிறது. எங்கே தூக்க வேண்டும், எங்கே தொய்ய விட வேண்டும், எத்தனை மடிப்பு, எல்லாம் மாட்டுபவர்கள் முடிவு. ஒரே துண்டு ஒரு ஊரில் மலைத்தொடர் போலவும் இன்னொரு ஊரில் தட்டையான வரைபடம் போலவும் நிற்கும். நமக்கு இது புரிய ஒரு சேலை போதும், மடித்து வைத்திருக்கும்போது அதற்கு ஒரு உருவமும் இல்லை, கட்டுகிறவர் கட்டும் விதத்தில்தான் உருவம் வருகிறது. ஆனால் மேற்கத்திய மியூசியங்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. சிலை என்றால் பீடத்தில் வைத்தபடி வைத்ததாக இருக்க வேண்டும் என்று பழகியவர்கள், நீயே முடிவு செய் என்று கலைஞர் சொன்னால் கை நடுங்குகிறது. 2007இல் வெனிஸில் ஃபோர்ச்சூனி மாளிகையின் முகப்பிலேயே ஒன்றைப் போர்த்தினார், செங்கல் சுவர் மேல், கிழிசல்களோடு. துணி வடிவமைப்பில் பேர்போன மரியானோ ஃபோர்ச்சூனி வாழ்ந்து வேலை செய்த வீடு அது, அதற்கே ஒரு சட்டை. 2015இல் அதே வெனிஸின் பியனாலே கலை விழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் கொடுத்தார்கள்.

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, நம்ம ஊர்த் துணி.

அட்லாண்டிக் வியாபாரத்தில் சாராயம் மட்டும் மாற்றுச் சரக்கு இல்லை, துணியும்தான், அதில் கணிசமானது இந்தியத் துணி, அதில் நம் சோழமண்டலக் கரையில் நெய்தது நிறைய. 1639இல் பிரான்சிஸ் டே கோட்டை கட்ட மதராசப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணமே இங்கே துணி மலிவாகக் கிடைத்தது என்பதுதான். புதுச்சேரியில் நீலம் தோய்த்த துணிக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரே 'கினே', கினி என்கிற ஆப்பிரிக்கக் கரையின் பெயர். அது செனகலுக்குப் போய், அங்கிருந்து பதிலுக்குக் கருவேலம் பிசின் ஜாதியைச் சேர்ந்த கோந்து வந்தது. வாட்டர்கலரில் கலப்பது அந்த வகைக் கோந்துதான். எந்த நூல் எங்கே போய் எங்கே முடிகிறது பாருங்கள்.

கட்டம் போட்ட மெட்ராஸ் துணி நைஜர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் கலபாரி மக்களிடம் போய்ச் சேர்ந்து அவர்கள் துணியாகவே ஆகிவிட்டது. இன்ஜிரி என்கிறார்கள். பிள்ளை பிறந்தால் அது, பெரியவர் இறந்தால் கட்டிலை அலங்கரிக்க அது. வெளியூர்ச் சரக்கு என்று அவர்கள் நினைப்பதில்லை. அதோடு நிற்கவில்லை. கலபாரிப் பெண்கள் அந்தக் கட்டம் போட்ட துணியை எடுத்து, ஊசியால் சில நூல்களை மட்டும் தூக்கி, பிளேடால் வெட்டி உருவி எடுத்துவிடுவார்கள். உருவிய இடத்தில் சின்னச் சின்னச் சாளரங்கள், துணி சல்லாவாகிறது, பழைய கட்டத்துக்குள் புதுக் கோலம் ஒன்று பிறக்கிறது. பெலெட்டே பிட்டே என்று அதற்குப் பெயர். சேர்க்காமல், எடுத்தே ஒரு துணியைத் தன்னுடையதாக்கிக்கொள்வது. கானாவின் அஷாந்திகளும் ஒரு காலத்தில் இறக்குமதிப் பட்டுத் துணியை நூல் நூலாகப் பிரித்து, அந்த நூலைத் தறியில் ஏற்றித்தான் கென்டே நெய்தார்கள். கப்பலில் வந்த சரக்கைப் பிரித்து, வெட்டி, தன் கணக்கில் மறுபடி கோப்பது அந்தக் கரையில் பல தலைமுறையாக நடக்கிற காரியம். அனட்சுயி கலபாரி இல்லை, எவே இனத்தவர், என்சுக்காவும் முகத்துவாரத்தில் இல்லை. அவர் இதைப் பார்த்துத்தான் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மூட்டைக் கதையை விட இந்தப் பின்னணி எனக்கு நிறையச் சொல்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் வந்திறங்கிய பொருளுக்கு என்ன நடக்கும் என்பதற்கு ஏற்கெனவே ஒரு பழக்கம் இருந்தது, அவர் அதில் சாராயத்தை ஏற்றினார்.

இதையெல்லாம் படித்த பிறகு சும்மா இருக்க முடியுமா. ஒரு பழைய கட்டம் போட்ட கைலியை எடுத்து மேசையில் பரப்பி, பிளேடும் ஊசியுமாக உட்கார்ந்தேன். பாவு நூலைத் தொடாமல் ஊடை நூலை மட்டும், கட்டத்தின் வெள்ளைக் கோடு போகும் இடத்தில், நான்கு நான்காகத் தூக்கி வெட்டினால் முதல் இரண்டு சாளரம் அழகாகத் திறக்கிறது. மூன்றாவதில் பக்கத்து நூல்கள் நழுவி வந்து ஓட்டையை மூடப் பார்க்கின்றன. பவர்லூம் கைலி, நூல் வழுக்குகிறது, நெருக்கமும் போதவில்லை, துவைத்தால் இன்னும் மோசம். கஞ்சி போட்டு விறைப்பாக்கிப் பார்த்ததில் கொஞ்சம் நின்றது. சொரசொரப்பான கைத்தறிக் கட்டத் துணியாக இருந்தால் நூல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். ஊரிலிருந்து அடுத்து யார் வந்தாலும் இரண்டு கஜம் வாங்கிவரச் சொல்லி வைத்திருக்கிறேன், துவைக்காமல், மடிப்பு கலையாமல்.